இடுப்பளவுதான் என்ற தண்ணீர்

ஒரகடத்தில் நான் வேலை செய்யும் கம்பெனியிலிருந்து ஆற்றுக்குச் சுற்றுலா போனோம். இருவர் துடுப்புப் போடும் சிறு படகில் நானும் அசெம்பிளி லைனில் உடன் வேலை செய்யும் செல்வியும் ஏறினோம். எனக்குத் தந்த லைஃப் ஜாக்கெட்டில் பக்கிள் உடைந்திருந்தது. சொன்னதற்கு, "தண்ணி இடுப்பளவுதாம்மா, ஒண்ணும் ஆவாது" என்று படகுக்காரர் கயிற்றால் முடிச்சுப் போட்டுவிட்டார்.

அமைதியான நீரில் சிரித்துக்கொண்டே போனோம். பாறைகளுக்கிடையே நீர் வேகமெடுத்த இடத்தில் படகு கவிழ்ந்தது. முடிச்சு அவிழ்ந்து ஜாக்கெட் கழன்றுபோனது. காலுக்குத் தரை எட்டவில்லை. செல்விதான் என் பின்னலைப் பிடித்துப் பாறைக்கு இழுத்தாள்.

கரையில் அந்தப் படகுக்காரன், "ஆடாம குந்திகினு இருந்தா கவுந்திருக்காது" என்றான்.

"இடுப்பளவுன்னியே, நீ எறங்கி நில்லு, பாக்கறேன்" என்றேன். அவன் இறங்கவில்லை.

நினைத்தால் இன்றும் உடம்பு பற்றி எரிகிறது. இப்போதெல்லாம் ஜாக்கெட்டை மாட்டியதும், பக்கத்தில் இருப்பவரைத் தோள் வாரைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்கச் சொல்கிறேன். கழன்று வந்தால் படகில் ஏறுவதில்லை, கூட வந்தவர்களையும் ஏற விடுவதில்லை.