அவனுக்காக நான் சொன்ன 'பிரசென்ட் சார்'

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகிற ரயில் பாதையோரம் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். அங்கே நான் பி.ஏ. கடைசி வருடம். எங்கள் ஊரைச் சுற்றித் தொழிற்பேட்டைக்காக வயல்களை அளந்து கல் நட்டுக்கொண்டிருந்த காலம். டிகிரி வாங்கி வந்தால் வாசலிலேயே வேலை காத்திருக்கும் என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு முந்தின பெயர் அவனுடையது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம், மீன்பிடிக் குடும்பம். அந்தக் குப்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். நாங்கள் அவனை 'ஏரி' என்றுதான் கூப்பிடுவோம். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். அவனுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்ததா என்று நாங்கள் கேட்டதில்லை.

அந்தக் குப்பத்துக்காரர்கள் ஏரியில் நினைத்தபடி வலை போட முடியாது. இன்றைக்கு இந்த இடத்தில் இன்னார் வலை என்று குப்பத்தார் கூடி முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு வந்த நாளில் இறங்காவிட்டால் அந்த முறை போனது போனதுதான். அவன் அப்பாவுக்குத் துணைக்கு வேறு ஆள் கிடையாது. அதனால் பாடு வரும் நாளில் ஏரி வகுப்புக்கு வர மாட்டான். வருகை குறைந்தால் பரீட்சை எழுத விட மாட்டார்கள் என்பதால், அவன் பெயரைக் கூப்பிடும்போது நான் சொல்லிவிடுவேன். தலையைக் குனிந்துகொண்டு, ஜலதோஷம் பிடித்த குரலில் ஒரு 'பிரசென்ட் சார்'. அடுத்த நொடியே நிமிர்ந்து உட்கார்ந்து என் சொந்தக் குரலில் இன்னொன்று. இரண்டரை வருடத்தில் ஒரு தடவைகூட மாட்டவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

கடைசி வருடம் பஸ் தொல்லை தாங்காமல் ஏரி கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கினான். பாடு வரும் நாளில் மட்டும் ஊருக்குப் போய் வருவான். அந்தத் தையில், பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும், ஆங்கிலப் பேராசிரியர் அவனுடைய விடைத்தாளை எடுத்து, அதிலிருந்த தப்பும் தவறுமான இங்கிலீஷை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வரிவரியாகப் படித்துக் காட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும் சிரித்தேன். இதை எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் ஸ்டேஷனில் என் ரயில் வரும்வரை ஏரி என் பக்கத்தில் நின்றான். கையில் ஒரு பை.

"மச்சான், இனிமே என் பேருக்கு நீ சொல்லாதடா" என்றான்.

"பாடுதான? போய்க்கினு வா. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ரயில் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

அடுத்த நாள் அவன் வரவில்லை. நான் குரலை மாற்றிச் சொன்னேன். அதற்கடுத்த நாளும் சொன்னேன். தை போனது, மாசி வந்தது. யாராவது கேட்டால், "பாட்டுக்குப் போயிருக்கான்" என்போம். ஒரு பாடு எத்தனை நாள் வரும் என்று எங்களில் ஒருத்தனுக்கும் தெரியாது. நாங்கள் பெரும்பாலும் நெல் விளைகிற ஊர்க்காரர்கள். அறுவடை என்றால் எங்கள் வீடுகளில் வாரக்கணக்கில் ஆள் இருக்க மாட்டார்கள். அதுபோல ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டோம். அவன் அறைப் பக்கம் போய் எட்டிப் பார்க்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. நான்தான் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு வேறு எனக்கு.

பங்குனியில் பிரிவு உபசார விழா. காலையில் குரூப் போட்டோ எடுத்தார்கள். மாலையில் ஹாலில் கூட்டம். ஒவ்வொருவராக மேடை ஏறி, மூன்று வருடத்தில் மறக்க முடியாததைச் சொல்ல வேண்டும். சிலர் அழுதார்கள். சிலர் பாடினார்கள். என் முறை வந்ததும், "அட்டென்டன்ஸ் கணக்கு யுனிவர்சிட்டிக்குப் போயாச்சு, இனிமே சொன்னா யாரும் ஒண்ணும் செய்ய முடியாது" என்று ஆரம்பித்து ஜலதோஷக் குரல் கதையை அவிழ்த்துவிட்டேன். குரலை மாற்றிச் செய்தும் காட்டினேன். ஹாலே அதிர்ந்தது. ஆங்கிலப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். கைதட்டல் தந்த தெம்பில், "பொங்கலுக்கப்புறம் ஏரி இந்தப் பக்கமே வரல. ஆனா ஒருநாள்கூட ஆப்சென்ட் இல்ல!" என்று முடித்தேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் பின்னால் கதவுப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"எம்புள்ள அப்போ காலேஜிக்கே வர்லியா நைனா?"

வெளுத்த சட்டை போட்ட ஒரு பெரியவர். கையில் துணிப்பை. இறால் சாப்பிட என்று ஒரு தடவை குப்பத்துக்குப் போனபோது அவரைப் பார்த்திருக்கிறேன். ஏரியின் அப்பா. கடைசி நாள் என்று கேள்விப்பட்டு மகனைப் பார்க்க வந்திருக்கிறார்.

மேடையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் போனதும் அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"பொங்கலுக்கு வந்தவன், பரீட்சை முடியற வரிக்கும் ஊட்டுக்கு வர மாட்டேன், படிக்கணும்னு சொல்லிட்டுப் பூட்டான். மனசு கேக்காம மாசி பொறந்ததும் வந்து ஆபீஸ்ல கேட்டேன். பொஸ்தவத்தப் பாத்துட்டு, தெனிக்கும் வரான், ஒருநாள் தப்பறதில்ல, இப்பகூட கிளாஸ்லதான் கீறான்னாங்கோ. படிக்கற புள்ளயக் கூப்ட்டு பேஜார் பண்ணக்கூடாதுன்னு அப்படியே போய்ட்டேன்."

ஊருக்குப் போய் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாராம், ஒருநாள் தப்புவதில்லையாம் என் பிள்ளை என்று. துணிப்பையில் மகனுக்குக் காய்ந்த இறால் கொண்டு வந்திருந்தார். என்னைத் திட்டவில்லை. ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் தேவலை.

அவனுடைய அறையில் தையிலேயே வேறு ஆள் குடிவந்திருந்தார். ஊருக்குப் போய்விட்டான் என்று வீட்டுக்காரர் நினைத்திருக்கிறார். ஊரில் கல்லூரியில் இருக்கிறான் என்று நினைத்தார்கள். கல்லூரியில் பாட்டுக்குப் போயிருக்கிறான் என்று நினைத்தோம்.

மறுநாளிலிருந்து தேடினோம். அவன் அப்பாவும் நானும் இன்னும் மூன்று பேரும். பொன்னேரி சந்தை, கும்மிடிப்பூண்டியில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடங்கள், சென்னையில் தெரிந்த ஓட்டல்கள். ஒரு வாரம் கழித்து ஆந்திர எல்லை தாண்டி, தடாவில் ஒரு லாரி பட்டறையில் விசாரித்தோம். பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். காலேஜ் படித்த பையன், பழவேற்காட்டுப் பக்கம் என்றதும் தலையாட்டினார்.

"மாசி கடைசி வரிக்கும் இங்கதாம்பா இருந்தான். நல்ல புள்ள. ரயில் வந்து நின்னா ஸ்டேஷன் ரோட்டயே பாத்துக்கினு நிப்பான். ஊட்ல இன்னா தகராறோ, எவனாச்சும் தேடிக்கினு வருவான், வந்தா ஒப்படச்சுடலாம்னுதான் இருந்தேன். ஒருத்தனும் வர்லியேப்பா. அப்பால கல்கத்தா போற லாரில ஏறிப் பூட்டான்."

அவன் அப்பா அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். மாசி பிறந்ததும் அவர் ஆபீசுக்கு வந்து கேட்டார். மாசி கடைசிவரை பையன் இங்கே இருந்திருக்கிறான். நடுவில் கிட்டத்தட்ட நாலு வாரம். பதிவேட்டில் 'வரவில்லை' என்று இருந்திருந்தால் அன்றைக்கே தேடியிருப்பார்கள். ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம் அது.

அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. போலீஸில் எழுதிக்கொடுத்தோம், பத்திரிகையில் படம் போட்டோம். கடிதம் ஏதாவது வந்ததா என்று கேட்க இரண்டு மூன்று வருடம் குப்பத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். "வா நைனா" என்று சொல்லி அவர் சோறு போடுவார். சாப்பிட முடியாது. பிறகு போவதை நிறுத்திவிட்டேன். கோழைத்தனம்தான்.

பரீட்சை எழுதினேன். பாஸ் செய்தேன். எங்கள் வயல் இருந்த இடத்தில் வந்த தொழிற்சாலையிலேயே வேலையும் கிடைத்தது. அங்கே நேரக் கண்காணிப்பாளராக இருந்து, காலையில் உள்ளே வருகிறவர்களைக் குறித்துக்கொள்வதே என் வேலையாயிற்று. ஒருத்தன் வராவிட்டால் சாயங்காலம் அவன் வீட்டுக்கே போய் நிற்பேன். பைத்தியம் என்று சொல்வார்கள். சொல்லட்டும்.

அந்த குரூப் போட்டோ என்னிடம் இருக்கிறது. பதிவேட்டு வரிசைப்படி எங்களை நிற்க வைத்து, ஆபீசிலிருந்து கொடுத்த பட்டியலை அப்படியே கீழே அச்சடித்துவிட்டார்கள். பட்டியலில் அவன் இருக்கிறான், படத்தில் இல்லை. அதனால் அவனுடைய இடத்திலிருந்து பெயர்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போய், என் முகத்துக்குக் கீழே அவன் பெயர் நிற்கிறது.

ஒருத்தன் வரவில்லை என்றால், வரவில்லை என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரு ஆளாவது வேண்டும்; என் சிநேகிதனுக்கு அந்த ஒரு ஆள்கூட இல்லாமல் செய்தவன் நான்.