எதிரில் போய் உட்கார்ந்தவள்

நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், யாரோ மகனுக்குக் காது குத்திய படத்துக்குக் கீழே அந்தச் செய்தி வந்தது. பூங்கொடி காலமாகிவிட்டாள். காமாலை முற்றி, சேலத்து ஆஸ்பத்திரியிலேயே உயிர் போய்விட்டதாம். கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. "வாழப்பாடிக்கு யார் யார் வருகிறீர்கள்?" என்று கேட்டேன். குழு ஊமையாகிவிட்டது. உங்கள் மீது கோபத்தோடுதான் ஆத்தூரில் பஸ் ஏறினேன். அதை மறைத்து வைத்துக்கொண்டு இதை எழுத எனக்கு வராது.

சேலத்தில் நாம் படித்தபோது நடந்த பொங்கல் விழாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ராசிபுரம் பக்கமிருந்து ஒரு நாட்டுப்புறப் பாட்டுக் குழு வந்திருந்தது. அவர்கள் தப்பு மேளம் அடித்ததற்கு நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு ஆடினோம். அதன் பிறகு நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், நடுத்தர வயது அம்மா ஒருவர் மேடையில் காலை மடக்கி உட்கார்ந்து, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஒப்பாரி எடுத்தார்.

"பந்தல் நெழலிருக்க, பாய் விரிச்ச ஊடிருக்க,
வெயிலத் தேடிப் போனியோ என்னெப் பெத்த ராசாவே."

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். "ஒன்ஸ்மோர்" என்று ஒரு குரல். ஒப்பாரிக்கு ஒன்ஸ்மோர் கேட்ட பெருமை நமக்குத்தான் சேரும்.

இழவு வீட்டில் ஒருத்தி அழுதால் இன்னொருத்தி எதிரில் போய் உட்கார்ந்து, தோளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழ வேண்டும் என்பது நம் பக்கத்து முறை. அந்த அம்மா பழக்கத்தில் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். எதிரில் மைக்தான் இருந்தது. என் பக்கத்தில் இருந்த பூங்கொடி எழுந்தாள்.

"எங்கடி போற?" என்று துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன்.

"அந்தம்மா தனியா அழுவுது புள்ள."

மேடைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். மைக்கைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு எதிரில் உட்கார்ந்து, அந்த அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து நாம் கைதட்டினோம். பாட்டுக்கு நடுவே அந்த அம்மா கேட்டது மைக்கில் விழுந்தது.

"யாரெ நெனச்சு அழுவற சாமி?"

"யாரையுமில்லீங்க. நீங்க அழுவறீங்கன்னு வந்தேனுங்க."

அரங்கமே சிரித்தது. அந்த அம்மாவால் அதற்கு மேல் பாட முடியவில்லை. அதுவரை பாடிக்கொண்டிருந்தவர் பூங்கொடியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நிஜமாகவே அழுதார். நிகழ்ச்சி அதோடு நின்றது. "நல்ல நாள்ல இதெல்லாம் தேவையா?" என்று வகுப்பாசிரியை மறுநாள் கடிந்துகொண்டார். "அழுவறவங்களுக்குத் தேவைப்பட்டுதுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, திட்டு முடியும்வரை பூங்கொடி நின்றுகொண்டே இருந்தாள்.

படிப்பு முடிந்து வேலைக்குப் போன இடத்தில் வாழப்பாடிக்காரரான குமாரைப் பார்த்தாள். அவர் வேறு சாதி. திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டம் துரவோடு இருந்த அவள் வீட்டில், அப்பா "எங்களுக்கு மக இல்லை" என்று சொல்லிவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கும் வரவில்லை, பேத்தி பிறந்ததற்கும் வரவில்லை. இவள் போன் செய்தால் எடுப்பாராம், மூச்சுச் சத்தம் மட்டும் கேட்குமாம், பிறகு வைத்துவிடுவாராம். நான் எப்போது அவள் வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சு வந்துவிடும்.

"எங்கம்மா வருவாங்க புள்ள. என்னைக்குன்னுதான் தெரியல" என்பாள்.

"ஆமா, வந்து கிழிச்சாங்க" என்பேன். அவள் சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முகம்கூடப் பார்த்திராத அந்தப் பெண்மணியை அவ்வளவு வெறுத்தேன்.

வாழப்பாடியில் நான் போய் இறங்கியபோது மற்ற சடங்கெல்லாம் முடிந்து, பிறந்த வீட்டுக் கோடிப் புடவைக்காகக் காத்திருந்தார்கள். கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புடவை வந்து விழுந்த பிறகுதான் எடுப்பது வழக்கம். வெயில் ஏறிக்கொண்டே போனது. "அவங்க வரமாட்டாங்கப்பா, எடுத்துடலாம்" என்றார் ஒரு பெரியவர். "இன்னும் கொஞ்சம் பாக்கலாம் மாமா" என்றார் குமார்.

பூங்கொடியின் அம்மா தனியாக வந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து துணிப்பையோடு நடந்தே வந்திருந்தார். கூட ஒரு ஆண்பிள்ளைகூட இல்லை. பையிலிருந்த புடவையை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"கண்ணாலத்துப் பட்டு நானெடுத்துத் தரலியே,
கோடியெடுத்து வந்தனே என்னெப் பெத்த தாயாளே."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. "இத்தனை வருஷம் எங்க போயிருந்தாளாம்?" என்று எனக்குப் பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள். என் மனதிலும் அதேதான் ஓடியது. அந்த அம்மா இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். எதிரில் பெட்டிதான் இருந்தது.

என் துப்பட்டாவை யாரும் பிடித்து இழுக்கவில்லை. ஆனாலும் எழுந்திருக்க அவ்வளவு பாரமாக இருந்தது. போய் எதிரில் உட்கார்ந்தேன். எனக்கு ஒப்பாரி பாடத் தெரியாது, தோளை மட்டும் கட்டிக்கொண்டேன். எலும்பாக இருந்தார்.

"நீ யாரு சாமி?" என்று கேட்டார்.

"பூங்கொடிகூடப் படிச்சேம்மா."

"என்னெப் பத்தி ஏதாச்சும் சொல்லுச்சா எம்புள்ள?"

"நீங்க வருவீங்கன்னு சொன்னா."

அதன் பிறகு அவரிடமிருந்து வந்தது பாட்டு இல்லை. அப்படி ஒரு சத்தத்தை நான் இதற்கு முன் கேட்டதில்லை. ஆறுதலுக்காகச் சொன்னேனா, குத்திக்காட்டச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. ராத்திரி படுத்தால் அதுதான் உறுத்துகிறது. அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். போகவில்லை.

பூங்கொடியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, அன்றைக்கு அவள் நாற்காலியை விட்டு எழுந்தாளே, அது ஒன்றுதான். கோபம் தீரட்டும், பிறகு போகலாம் என்று இருந்திருந்தால் நான் இன்னும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன்.

பதினாறாம் நாள் காரியம் வாழப்பாடி வீட்டில்தான். குழுவில் கும்பிடும் கைகளை அனுப்ப வேண்டாம், வந்து சேருங்கள். அவள் அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். மறுபடியும் தனியாகத்தான் வருவார்.