பீரங்கியடியில் வாய் திறக்காத குணம் அண்ணை

குணம் அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் ரொக்ஸ்பரோ ஸ்டேஷனில் நின்றேன். வந்த ரயிலை விட்டுவிட்டு பெஞ்சில் இருந்து அழுதேன். மொன்ட்ரியாலில் எங்கள் நாடகங்களைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பார்க்காதவர்களுக்கும் அவர் குரல் கேட்டிருக்கும்.

பகலில் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுவார். பின்னேரம் ஒத்திகைக்கு வந்தால் ராஜா. கைதட்டல் என்றால் அவருக்கு உயிர், அதை மறைக்கவும் மாட்டார். "வசனம் எண்டால் நித்திரை கொள்ளுறவனும் எழும்போணும்" என்பார். எந்த வேடத்துக்கும் மீசை வேண்டும் என்று, நாடகத்தை எழுதி இயக்கும் என்னோடு அவர் மல்லுக்கட்டாத நாடகம் இல்லை.

அப்படிப்பட்டவருக்குத்தான் கப்பல்காரன் வேடம் கொடுத்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில், கூட நின்றவர்கள் எல்லோரும் குண்டடிபட்டு விழ, தனியே நின்று பீரங்கியை இயக்கிப் பதக்கம் வாங்கிய மாலுமியின் கதை. பீரங்கியடியில் அவன் பேச நீண்ட வசனம் ஒன்று எழுதியிருந்தேன். நான் எழுதியதில் அதுதான் ஆகச் சிறந்தது, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஒத்திகைகளில் அண்ணை அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். கேட்டால், மேடையில் பார்ப்போம் என்பார்.

மேடையில் தோழர்கள் விழுந்தார்கள். வசனத்துக்கான இடம் வந்தது. அண்ணை வாய் திறக்கவில்லை. பீரங்கிக் குழலைத் துடைத்தார், குண்டைத் தூக்கித் திணித்தார், திரி வைத்தார், மறுபடி துடைத்தார். மறந்துபோனாராக்கும் என்று திரைக்குப் பின்னால் நின்று அடி எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் முறை கொடுத்தது முன்வரிசைக்கே கேட்டிருக்கும். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அதுவரை சபையில் பிரெஞ்சில் கதைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட அடங்கிவிட்டார்கள். ஒருவரும் கைதட்டவில்லை.

திரை விழுந்ததும், என் வசனத்தைக் கொன்றுவிட்டீர்களே என்று எரிந்து விழுந்தேன். ஒட்டுமீசையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"உன்ரை வசனம் நல்லது, பிள்ளை. ஆனா ஊரை விட்டுப் படகில வரேக்கை எங்களுக்குத் துப்பாக்கிச் சூடு விழுந்தது. ஒருத்தரும் வசனம் பேசேல்லை. எல்லாரும் குப்புறக் கிடந்தம். என்ரை அண்ணன் சிவபாலன் மட்டும் குந்தியிருந்து படகுக்குள்ளை வந்த தண்ணியை இறைச்சுக்கொண்டிருந்தான். படகு தாழேல்லை. நாங்கள் கரை சேர்ந்தம், அவன் சேரேல்லை. அவனுக்கு ஆர் பதக்கம் குத்தினது?"

அந்த அண்ணனைப் பற்றி அதற்கு முன் அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

தை மாதம் அதே நாடகத்தை மறுபடி போடுகிறோம். வசனத்தை வெட்டிவிட்டேன். அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவர் கேட்ட அந்தக் கேள்வியைத்தான். பதக்கம் குத்தும் காட்சியில், மாலுமிக்குக் குத்தி முடித்த பிறகு, அதிகாரி இன்னொரு பதக்கத்தை எடுத்துச் சிவபாலன் என்று கூப்பிடுவார். ஒருவரும் வரமாட்டார்கள். சபை பார்த்திருக்க, அவர் பதக்கத்தோடு காத்து நிற்பார்.