நண்டு வளையும் நாலு மேற்கோளும்

கல்லூரியில் பாடம் நடத்துவது சம்பளத்துக்காக. ஆய்வுக் கட்டுரை எழுதுவது அடுத்தவர் எழுதியதைப் பார்த்து வயிறெரிவதற்காக. பக்கத்து மேஜைக்காரரின் பெயர் அச்சில் வந்த அன்று மதியச் சாப்பாடு இறங்காமல் தவித்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பெயர்

திருவாரூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், விலங்கியல் துறையில், நானும் நஸ்ரீனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் கூத்தாநல்லூர், நான் நீடாமங்கலம். வயல் நண்டு வரப்பில் எப்படி வளை தோண்டுகிறது, அதனால் எவ்வளவு தண்ணீர் வடிந்து போகிறது என்று ஒரு சம்பா முழுக்க அளந்தோம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நின்ற எங்களை, குழம்புக்கு நண்டு பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்தவர்கள்தான் அதிகம்.

கட்டுரை எழுதி முடித்ததும் யார் பெயர் முதலில் என்று தகராறு. அகரவரிசைப்படி தன் பெயர் என்றாள் அவள். படமெல்லாம் வரைந்தது நான் என்றேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அச்சாகி வந்தபோது பார்த்தால், முதல் பெயர் எங்கள் துறைத் தலைவருடையது. இரண்டாவது நஸ்ரீன். மூன்றாவதாக நான். வரப்பில் ஒரு நாள்கூடக் கால் வைக்காத மனிதர். இருவரும் சேர்ந்து போய்க் கேட்டோம். கண்ணாடியைத் துடைத்தபடி அவர் சொன்னார்: “உங்க ரெண்டு பேருக்குள்ள சண்டை வரக் கூடாதுன்னுதாம்மா என் பேரை முதல்ல போட்டேன்.”

வெளிநாட்டு அட்டை

நஸ்ரீனின் கணவர் வளைகுடாவில் வேலை பார்த்தார். விசா வந்ததும் அவள் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினாள். வீட்டோடு இருப்பாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, ஆசைப்பட்டேன். ஆறே மாதத்தில் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

அந்தக் காலத்தில் ஒரு கட்டுரை வேண்டுமென்றால், எழுதியவருக்கு அட்டை எழுதிப் போட்டுப் பிரதி கேட்க வேண்டும். தொடர்புக்கு நஸ்ரீன் பெயரைக் கொடுத்திருந்தோம். அவள் போன பிறகும் கல்லூரிக்கு அட்டைகள் வந்துகொண்டே இருந்தன. பிலிப்பைன்ஸ், ஜப்பான், பெயர் படிக்க முடியாத ஏதோ ஓர் ஊர். கையில் கட்டோடு தபால்காரர் வந்தால் நான் வகுப்பை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். ஒரு நாள் அவருக்கே மனசு கேட்கவில்லை. “மேடம், நீங்க வெயில்ல வராதீங்க. உங்களுக்கு வந்தா நானே உள்ள வந்து தரேன்.”

நாலாவது ஆள்

சவுதியிலிருந்து திரும்பி வந்த ஒரு பாய் கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். யாருடைய கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று இணையத்தில் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு, அங்கே போனேன். முதலில் நஸ்ரீன் பெயரைத்தான் தட்டச் சொன்னேன். பக்கம் பக்கமாக வந்தது. பிறகு என் பெயர். தனியாக நான் எழுதிய கட்டுரைகளுக்கு மொத்தம் நாலு மேற்கோள். அதில் மூன்று, என் பழைய கட்டுரைகளை என் புதிய கட்டுரைகளில் நானே குறிப்பிட்டது.

பாய் திரையை உற்றுப் பார்த்தார். “மூணு தடவை உங்களை நீங்களே சொல்லியிருக்கீங்க. நாலாவதா சொன்னவங்க யாரோ நஸ்ரீனாம். உங்க மேல ரொம்பப் பிரியம் போல மேடம்.”

பீரோ

அன்றே அவளுக்கு போன் போட்டேன். “உன்னோடதை மட்டும் எப்படி எல்லாரும் படிக்கிறாங்க?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அந்தச் சிரிப்புக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தன் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் எல்லாக் கட்டுரைகளையும் போட்டிருப்பதாகச் சொன்னாள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் திறந்து படிக்கலாமாம். என்னுடையது எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பீரோவில் என்றேன்.

பிறகு எங்கள் கல்லூரியும் அப்படி ஒரு களஞ்சியம் ஆரம்பித்தது. நூலகர் செல்வம் வந்து கட்டுரைகளைக் கேட்டார். கொடுத்தால் திருடிவிடுவார்கள் என்றேன். அவர் நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. “திருடுறதுக்காவது ஒரு ஆள் படிக்கணும் இல்லீங்களா மேடம்?”

கரையான்

சம்பாவுக்கு அடுத்த வருடம் குறுவையிலும் நாங்கள் அளந்திருந்தோம். அந்த நோட்டு என்னிடம் தங்கிவிட்டது. அதை வைத்துப் புதுக் கட்டுரை எழுதலாம், உன் பெயரும் என் பெயரும் மட்டும் போதும், நோட்டை ஸ்கேன் செய்து அனுப்பு என்று நஸ்ரீன் மின்னஞ்சல் அனுப்பினாள். அனுப்பினால் என்ன ஆகும்? அவள் பெயருக்கு இன்னும் பக்கம் பக்கமாக மேற்கோள் வரும். கரையான் தின்றுவிட்டது என்று பதில் எழுதினேன். ‘பரவாயில்லை வசந்தா, மனசைக் கஷ்டப்படுத்திக்காதே’ என்று எழுதியிருந்தாள்.

பீரோவில் எதையோ தேடிய என் கணவர் அந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். மின்னஞ்சல் விஷயம் அவருக்குத் தெரியும். “ரொம்ப நாகரிகமான கரையான். ஒரு பக்கம்கூடக் குறையலையே.”

ஒரு மாத லீவு

அடுத்த ஆடியில் நஸ்ரீன் ஊருக்கு வந்தாள். ஒரு மாத லீவு. வந்த மறுநாளே அளவுகோலும் கயிறுமாக வயலில் இறங்கிவிட்டாள். தொலைந்த அளவுகளை மறுபடி எடுக்கிறாளாம். தலையில் துப்பட்டா, அதன் மேல் தொப்பி, முழங்கால் வரை சேறு. ‘நீ வர வேண்டாம், உனக்கு மூட்டுவலி’ என்று என்னை வரப்பிலேயே உட்கார வைத்தாள். அவள் எண்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பல எண்கள் பீரோவில் இருந்த எண்களுக்குப் பக்கத்திலேயே வந்தன. ஒவ்வொன்றும் எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இருபத்தாறு நாள்.

அவள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, கூத்தாநல்லூருக்குப் பஸ் ஏறிப் போய், நோட்டை அவள் மடியில் வைத்தேன். “கரையான்லாம் இல்லை. பொறாமை” என்றேன். அவள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

உள்ளே அவளுடைய உம்மா அவளுக்காகப் பெட்டியில் ஊறுகாய் பாட்டிலைத் துணி சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நஸ்ரீன் சொன்னாள்: “கட்டுரையில ரெண்டு வருஷத்து அளவையும் போட்டுடலாம், அது நல்லாத்தான் இருக்கும். ஆனா இந்த ஒரு மாசத்துல உம்மாகூட உக்காந்து ஒரு வேளை நிம்மதியா சாப்பிடலையே வசந்தா.”

அந்தக் கட்டுரை இப்போது அவளுடைய பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் எங்கள் இருவர் பெயரோடும் இருக்கிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், எனக்குத்தான் திறக்க இன்னும் கை வரவில்லை.