பலகையில் மறைந்த எண்

கிருபானந்தம் மாமா எதற்கும் பயப்படுகிறவர். பஸ்ஸில் ஏறினால் இறங்கும் வரை டிக்கெட்டைக் கையிலேயே பிடித்திருப்பார். வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பார். சித்தூரில் எங்கள் தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. நானும் சிரித்திருக்கிறேன். 1988ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் நடந்ததை அவர் மனைவி ஜெபமணி அத்தை சொல்லிக் கேட்ட பிறகு சிரிப்பதில்லை.

மாமா ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் குமாஸ்தா. தொழுநோய்ப் பிரிவின் பதிவேடு அவர் பொறுப்பு. அந்த வேலையை அவராகத்தான் கேட்டு வாங்கினார். அவருடைய அம்மாவுக்கு அந்த நோய் இருந்தது. நாகலாபுரத்தில் இருந்தவரை அந்த அம்மாள் இடது கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாராம். ஒருநாள் யாரோ ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து அவரைக் கிணற்றடிக்கு விடவில்லை. மகனுக்கு அப்போது ஒன்பது வயது.

அதனால் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அவர் டாக்டரம்மாவிடம் ஒரு யோசனை சொன்னார். நோயாளி கையில் வெறும் எண் போட்ட அட்டை. அந்த எண் யாருடையது, எத்தனை மாதம் மாத்திரை சாப்பிட்டாகிவிட்டது, இன்னும் எத்தனை மாதம் என்பதெல்லாம் கம்ப்யூட்டர் பெட்டிக்குள். அறுநூற்று நாற்பது பேரை ஒரு வருஷம் உட்கார்ந்து ஏற்றினார். பழைய பதிவேடுகளை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அவரே கொளுத்தினார். நகல் எடுத்து வைக்கச் சொன்னார்கள். நகல் என்றால் இன்னொரு கண் படும் என்று அதையும் எடுக்கவில்லை. பெட்டியைத் திறக்கும் பாஸ்வேர்டு அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அந்த பாஸ்வேர்டை எங்கும் எழுதக் கூடாது, வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கம்ப்யூட்டரை வைத்துக் கொடுத்த மெட்ராஸ் இன்ஜினியர் சொல்லியிருந்தார். மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். சர்ச்சில் அன்று பாட வேண்டிய பாட்டுகளின் எண்களை ஒரு பலகையில் மாட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பலகையில் இருக்கும் மூன்று எண்களை வரிசையாகச் சேர்த்து எழுதினால் திங்கட்கிழமை பாஸ்வேர்டு. மறந்தாலும், வாராவாரம் அந்த எண்களை எழுதி வைக்கும் சர்ச் நோட்டில் பார்த்துக்கொள்ளலாம். யாருக்கும் சந்தேகம் வராது.

ஜூலை கடைசியில் ஒரு திங்கட்கிழமை புது பாஸ்வேர்டு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் காய்ச்சலில் விழுந்தார். டைபாய்டு. பதினேழு நாள் படுக்கை. அதுவரை பெட்டியை யாரும் தொடவில்லை. எந்த எண்காரருக்கு மாத்திரை கொடுத்தோம் என்று நர்சுகள் துண்டுச் சீட்டில் எழுதி வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை வேலைக்குத் திரும்பி, பெட்டியைப் போட்டு, விரல்களை வைத்தார். ஒன்றும் வரவில்லை. காய்ச்சலுக்கு முந்திய வாரமே மங்கலாக இருந்தது. சர்ச் நோட்டை வாங்கிப் பார்த்து அந்த ஞாயிற்றுக்கிழமை எண்களை அடித்தார். பெட்டி மறுத்தது. மறுபடி அடித்தார். மறுத்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு திரை அப்படியே நின்றுவிட்டது. அணைத்துத்தான் மறுபடி போட வேண்டும். அடிக்கடி அணைத்தால் உள்ளே விவரமெல்லாம் பதிந்திருக்கும் தட்டு கெட்டுவிடலாம் என்பதும் அவருக்குத் தெரியும்.

டாக்டரம்மா மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டார். திங்கட்கிழமை காலை வருவதாகவும், தட்டில் இருப்பதை அழித்துவிட்டு புரோகிராமைப் புதிதாக ஏற்றித் தருவதாகவும் இன்ஜினியர் சொன்னார். வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

"அழிச்சிட்டா அறுநூத்தி நாப்பது பேரையும் கூப்ட்டு, நீ யாரு, உன் ஊரு இன்னான்னு வரிசையில நிக்க வெச்சிக் கேக்கணும்" என்று மாமா வீட்டில் வந்து சொன்னார். "பாதிப் பேரு வரமாட்டான். மாத்திரைய உட்ருவான்."

அன்று அவர் சோறு சாப்பிடவில்லை. சனிக்கிழமை சர்ச் நோட்டின் பழைய பக்கங்களை எல்லாம் புரட்டிக்கொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காய்ச்சலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையின் தேதியைப் பார்த்தார்.

"இன்னாங்க, இந்த ஞாயித்துக்கெழம நாம இங்க எங்க இருந்தோம்? திருப்பதில என் தம்பி கொழந்தைக்கு ஞானஸ்நானம். மறந்துட்டீங்களா?"

மாமா சுவரில் சாய்ந்துவிட்டார். பாட்டாவது ஞாபகம் வருமா என்று யோசித்தார். அந்தச் சர்ச்சில் ஆராதனை தெலுங்கில். அவருக்குப் பழக்கமில்லாத பாட்டுகள். பலகையை மட்டும் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் கிளம்பினார்கள். திருப்பதி போய்ச் சேரும்வரை மாமா டிக்கெட்டைக் கையிலேயே பிடித்திருந்தார். அத்தையின் தம்பி இன்பசேகரன் திருப்பதியில் ரயில்வே வேலையில் இருந்தார்.

"இங்கெல்லாம் நோட்டு எழுதற வழக்கம் இல்ல மாமா. பலகைய வாரா வாரம் மாத்திடுவாங்க" என்றார். பிறகு சுவரைப் பார்த்தார். ஞானஸ்நானத்தன்று சர்ச்சுக்குள் எடுத்த படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. குடும்பத்துக்குப் பின்னால் ஓரத்தில் பலகையின் விளிம்பு மட்டும் தெரிந்தது. மீதியைச் சட்டத்துக்காக வெட்டியிருந்தார்கள்.

அந்தப் படத்தை எடுத்தது ஸ்டேஷன் பக்கத்து ஸ்டுடியோ. அங்கே மொட்டைத் தலைகளோடு ஒரு குடும்பம் படம் எடுக்கக் காத்திருந்தது. ஸ்டுடியோக்காரர் வெங்கடரமணன் நெகடிவைத் தேடி எடுக்க அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணியில் மாமா மூன்று முறை வெளியே போய் வந்தார்.

"உந்தி சார், உந்தி" என்று, இருக்கிறது என்பதைத் தெலுங்கில் சொல்லி, அவர் நெகடிவை விளக்கில் பிடித்து, பெரிதாக்கும் கண்ணாடியை வைத்தார். "மேல நூத்திப் பதினெட்டு. கீழ அறுபத்தி நாலு. அதுக்குங் கீழ ரெண்டு, மூணு... அப்பால இன்னொரு நம்பர் கீது, தெரியல."

"ஏன் தெரியல?"

"உங்க தலதான் சார் அடைச்சிக்கினு கீது." வெங்கடரமணன் காத்திருந்த குடும்பத்தைத் திரும்பிப் பார்த்தார். "மொட்ட அடிச்சிருந்தாலும் தெரியாது."

இன்பசேகரன் சிரித்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை. பூஜ்யத்திலிருந்து ஒன்பதுக்குள் ஏதோ ஓர் எண், அவர் தலைக்குப் பின்னால்.

ஊர் திரும்பி, மாலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரி அறையைத் திறந்தார்கள். அத்தை கூடவே நின்றார். மாமா பூஜ்யத்தில் தொடங்கினார். பூஜ்யம், ஒன்று, இரண்டு. திரை நின்றது. அணைத்தார். தட்டு சுற்றி அடங்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். மறுபடி போட்டபோது உள்ளே ஏதோ உராய்வது போல் கேட்டது. முன்பும் அப்படித்தான் கேட்டதா என்று அவருக்கு உறுதியில்லை. மூன்று, நான்கு, ஐந்து. திரை நின்றது.

"வேணாம் ஜெபமணி. அவரே வந்து அழிக்கட்டும். நான் கெடுத்ததா இருக்க வேணாம்" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அழிச்சாலும் நீங்க கெடுத்ததுதான்" என்றார் அத்தை. "உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அணைத்துப் போட்டார். ஆறு. மறுத்தது. அடுத்து ஏழு. விரல் சறுக்கிப் பக்கத்து எண்ணும் சேர்ந்து விழுந்தது. அந்த முறை வீண். இன்னும் ஒரே முறைதான், பிறகு மறுபடி அணைக்க வேண்டும். அத்தை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மாமா ஒவ்வோர் எண்ணாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். கடைசியில் ஏழு.

திரை ஒரு நொடி கறுப்பாக இருந்தது. பிறகு பட்டியல் வந்தது. மாமா உடனே திரைக்கு முன்னால் கையை விரித்து மறைத்தார். அறையில் அத்தையைத் தவிர யாரும் இல்லை. அத்தையும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை வந்த இன்ஜினியரை வைத்து மாமா செய்த முதல் காரியம் நகல் எடுத்தது. பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, டாக்டரம்மாவின் பீரோவில் வைத்துப் பூட்டினார். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

பத்து மணிக்கு ஜன்னலில் ஓர் அட்டை நீண்டது. வரதய்யபாளையம் பக்கத்திலிருந்து விடியும் முன் கிளம்பி வந்த பெண். மாமா எண்ணை அடித்தார். திரையில் வந்த பெயரைத் தனக்குள் படித்துக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு மாசந்தாம்மா" என்றார், பின்னால் நிற்பவருக்குக் கேட்காத குரலில். "அப்பால மாத்திரை வேணாம்."

அந்தப் பெண் அட்டையை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, தலை குனியாமல் வாசலைப் பார்த்து நடந்தார்.