சிவப்புப் பலகையும் கேரட் எடைமேடையும்

நியூசிலாந்தின் மலையடிவார ஊரான ஒஹாகுனேயில் கேரட் கழுவி மூட்டை கட்டும் கொட்டகையில் மெரியானா பதினாறு வருடமாக வேலை பார்க்கிறாள். வயது நாற்பத்து மூன்று. ஓரிடத்தில் நிற்காத உடம்பு. இடைவேளையில் மற்றவர்கள் கவிழ்த்துப்போட்ட பெட்டிகளில் உட்கார்ந்திருப்பார்கள். அவள் தேநீர்க் கோப்பையும் கையுமாகக் கொட்டகையின் குறுக்கே நடந்துகொண்டிருப்பாள். வாடகைக்கு எடுத்த ஸ்னோபோர்டில், அந்தப் பனிச்சறுக்குப் பலகையில், மலையிலிருந்து இறங்கும்போது மட்டும் அவளுக்குள் அந்தப் பரபரப்பு அடங்கும்.

மலையிலிருக்கும் பனிச்சறுக்குப் பயிற்சிப் பள்ளியில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர ஆள் தேவைப்பட்டது. பயிற்றுநர் தேர்வில் தேறினால் வேலை அவளுக்குத்தான். இரண்டு முறை தேர்வுக்குப் போனாள். இரண்டு முறையும் ஒரே இடத்தில் விழுந்தாள். செங்குத்தான சரிவில், பலகைமேல் குறுக்காக நின்றபடி கால்விரல் பக்கத்து விளிம்பில் சாய்ந்து திரும்பும்போது பலகை வழுக்கிவிடும். முகம் பனியில் புதையும். இந்தப் பருவத்தின் கடைசித் தேர்வு சனிக்கிழமை. இதிலும் விழுந்தால் பள்ளி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

புதன்கிழமை இடைவேளையில் கொட்டகைப் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். மேற்பார்வை பார்க்கும் ரேவின் ஒரு நீளமான பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள். பிரித்தால் புத்தம் புதிய சிவப்பு ஸ்னோபோர்டு. அடிப்பக்கம் முழுக்க எல்லோருடைய கையெழுத்தும்.

"ஊரெல்லாம் மிதிச்ச வாடகைப் பலகையில ஏறுனா விழாம என்னடி செய்வே? இது உனக்கே உனக்கு."

"ஐயோ, அக்கா! அளவு எப்படிப் பாத்தீங்க?"

"போன வாரம் நீ வாயடிச்சுக்கிட்டு நின்னியே, அப்ப பின்னாடியிருந்து தொடப்பக்கட்டைய வெச்சுப் பாத்தேன். தாடை வரைக்கும் வந்தா சரியான அளவுன்னு என் மவன் சொன்னான். நூத்தி நாப்பத்தொம்பது சென்டிமீட்டர்!"

மெரியானா அழுதாள். எல்லோரையும் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் வேலை இல்லை. காலையிலேயே மலைக்குப் போய்ச் சிவப்புப் பலகையில் இறங்கினாள். வேகம் எடுத்ததும் அதன் முன்முனை படபடவென்று நடுங்கியது. சரிவில் சாய்ந்ததும் பூட்ஸ் முனை பனியைக் கீறியது. முகம் பனியில்.

நேராக, அவளுக்கு வழக்கமாகப் பலகை தரும் நெவிலின் வாடகைக் கடைக்குப் போய், துடைப்பக்கட்டையில் அளவெடுத்த கதையைச் சொன்னாள். நெவில் அவளுடைய பூட்ஸைத் திருப்பிப் பார்த்தார். முனைகள் இரண்டும் தேய்ந்து வெளுத்திருந்தன.

"பலகையோட அகலம் பத்தல. உன் கால் ரெண்டு பக்கமும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. சாயுறப்ப விளிம்புக்கு முன்னாடி உன் பூட்ஸ்தான் பனியில இறங்குது. ஆமா, உன் எடை என்ன?"

"எழுபது."

"எழுபதா? எந்தக் கால் மட்டும்?"

"யோவ்!"

"பின்னே? ரெண்டு வருஷமா நீ சொன்ன எழுபத நம்பித்தான் பலகை எடுத்துக் குடுத்தேன். பலகைக்கு உன் தாடை எங்க இருக்குங்கறதா முக்கியம்? எடையும் காலும்தான்."

உள்ளே போய் ஒரு பழுப்புப் பலகையைக் கொண்டுவந்தார். நூற்று ஐம்பத்தேழு, ஆண்களுக்கான அகலம். கசாப்புக்கடைக்காரர் ஓட்டிச் சலித்து விற்றது, ஓரமெல்லாம் கீறல். அன்று மதியம் அதே சரிவில் அதே திருப்பத்தில் அந்தப் பலகை பனியைக் கவ்விப் பிடித்தது. மெரியானா கீழே வந்து நின்றாள். சந்தோஷப்பட முடியவில்லை. அதை வண்டியில் போட்டுச் சாக்கால் மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை அவள் கை வேலையில் நிற்கவில்லை. கட்டிய மூட்டையையே மறுபடி கட்டினாள்.

"நாளைக்கு எல்லாரும் லீவு சொல்லியாச்சு. செவப்பா ஒண்ணு இறங்கி வந்தா அது நம்ம புள்ளன்னு கீழ நின்னு கத்துவோம்" என்றாள் ரேவின்.

மெரியானா கொட்டகையின் கோடிவரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள்.

"என்னடி, கழிப்பறைக்கு வழி மறந்துபோச்சா?"

சட்டென்று கேரட் மூட்டைகளை நிறுக்கும் எடைமேடையில் ஏறி நின்றாள். எண்கள் ஓடி நின்றன. தொண்ணூற்றொன்று. பக்கத்திலிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"பாத்துக்கங்க. கடையில எழுபதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். இந்த எடைக்கும் என் காலுக்கும் நீங்க குடுத்த பலகை தாங்காதுக்கா. நாளைக்கு அதுல ஏறுனா விழுந்துடுவேன்."

இறங்கி, பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலையில் கொண்டுவந்து சுவரோரம் சாத்தியிருந்த சிவப்புப் பலகையைக் கிடத்தி அதன்மேல் குறுக்காகப் பாதத்தை வைத்தாள். முன்னால் விரல்கள் வெளியே நீட்டின; பின்னால் குதிகால்.

ரேவின் குனிந்து அந்தக் காலைப் பார்த்தாள்.

"காலையிலேயே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிக்கா சொல்லுவேன்?"

ரேவின் பலகையை எடுத்துக்கொண்டு அலுவலக அறைக்குள் போய்விட்டாள். அதன்பின் மாலைவரை அந்த அறைக் கதவு திறக்கவில்லை.

சனிக்கிழமை மேலே தன் முறைக்காகக் காத்திருந்தபோது மெரியானா கீழே பார்த்துக்கொண்டே இருந்தாள். வேலியோரம் கொட்டகைப் பெண்கள் நின்றார்கள், ரேவினைக் காணவில்லை. தேர்வாளர் கையசைத்தார். மெரியானா இறங்கினாள். செங்குத்தான இடம் வந்தது. கால்விரல் பக்கம் சாய்ந்தாள். பூட்ஸ் கீறும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. பழுப்புப் பலகை ஒரே கோடாகப் பனியை அறுத்துக்கொண்டு திரும்பியது. அடுத்த திருப்பம். அதற்கடுத்தது.

மதியம் தேறியவர்களின் பெயர்களை வாசித்தார்கள். அவள் பெயரும் இருந்தது. பெண்கள் போட்ட கூச்சலில் மற்ற பெயர்கள் யார் காதிலும் விழவில்லை.

கூட்டம் விலகியபோது வண்டிகள் நிற்கும் பக்கத்திலிருந்து ரேவின் வந்தாள். கக்கத்தில் சிவப்புப் பலகை. பனியில் நடந்து பழக்கமில்லாததால் வாத்துமாதிரி வந்தாள்.

"அழுக்குப் பழுப்பு ஒண்ணு இறங்கிச்சு, அது நீதானா?"

"நீங்க வரலன்னு நெனச்சேன்க்கா."

"வண்டிக்குள்ள இருந்து பாத்தேன். கோவம் போகல, அதான் வெளிய வரல." பலகையைப் பனியில் போட்டாள். "இது எனக்குச் சரியா இருக்குமா? பாத்துச் சொல்லு, டீச்சரம்மா."

மெரியானா அவளுடைய சிறிய கால்களைப் பார்த்தாள்.

"எடை எவ்வளவுக்கா?"

"அம்பத்தஞ்சு."

மெரியானா கைகளைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு முதல் தடவையாக அசையாமல் நின்றாள்.

"அக்கா."

"சரிடி, அறுபத்தெட்டு! மெல்லச் சொல்லு, அவளுங்க காதுல விழப்போவுது."