ரங்கநாயகியின் ஈயச்சொம்பு

ரங்கநாயகி நிதானமாக நடந்து பார்த்தவர்கள் ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் ஒருவரும் கிடையாது. காவேரிக்குப் போனாலும் ஓட்டம், கடைக்குப் போனாலும் ஓட்டம். 1958ஆம் வருஷத்தில் அந்த ஓட்டத்துக்கெல்லாம் ஒரே காரணம்தான். நாலு வயது மகன் சௌரிக்கு ஆறு மாதமாகத் தீராத வயிற்றுவலி.

வலி வந்தால் பிள்ளை முழங்காலை மார்போடு இறுக்கிக்கொண்டு சுருண்டுவிடுவான். வெளிக்குப் போவது நாலு நாளைக்கு ஒரு தரம். ரங்கநாயகி ஓம வாட்டர் கொடுத்தாள், விளக்கெண்ணெய் கொடுத்தாள், பூச்சி மருந்தும் கொடுத்தாள். உறையூரில் ஒருவர் வயிற்றைத் தடவிக் குடல் தட்டுகிறார் என்று காதில் விழுந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினாள். சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டாள். ஐயங்காராத்துப் பெண் மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளலாமா என்று கேட்ட ஒரு மாமியிடம், வலி உங்காத்துப் பிள்ளைக்கா வந்திருக்கு என்று கேட்டு வாயை அடைத்தாள்.

மருந்து எதுவானாலும் ஆகாரம் ஒன்றுதான்: குழைந்த சாதமும் மிளகுச் சாத்தமுதும். ரசத்துக்கு அவர்கள் வீட்டில் அதுதான் பெயர். கல்யாணத்தின்போது அப்பா வாங்கிக் கொடுத்த ஈயச்சொம்பில் புளித்தண்ணீர் கொதித்து இறங்கினால் வீதியே மணக்கும். அந்த மணம் வேறு எந்தப் பாத்திரத்திலும் வராது. வயிற்றுக்கு அதைவிட இதமானது உலகத்தில் இல்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

கடைசியில் திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் அற்புதசாமி, குடல்வாலில் கோளாறு இருக்கலாம், வயிற்றைத் திறந்து பார்த்துவிடுவோம் என்றார். புதன்கிழமை காலை ஆபரேஷன். நாலு வயது வயிற்றில் கத்தியா என்று அவள் சமயபுரத்துக்கு இன்னொரு தரம் வேண்டிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருநாராயணன் சாப்பிட உட்கார்ந்தார். அவளுடைய கணவர், மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு அச்சகத்தில் புரூப் பார்ப்பவர். மனைவியின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் ஏதோ பேச வேண்டுமே என்று ஆபீஸ் கதை ஒன்றை எடுத்தார். எழுத்துக் கோக்கும் செபஸ்தியானுக்கும் இதே மாதிரி வயிறு முறுக்கியதாம். டாக்டர் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாராம். பல்லை ஒட்டிக் கறுப்பாக ஒரு கோடு இருந்ததாம். அச்செழுத்தில் இருக்கும் காரீயம் உடம்பில் விஷமாக ஏறிவிட்டது என்றாராம்.

அவர் அடுத்த கவளம் எடுப்பதற்குள் ரங்கநாயகி கரண்டியைப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள். சௌரியை வெளிச்சத்துக்கு இழுத்து உதட்டைத் தூக்கினாள். கீழ் ஈறில், பென்சிலால் கோடு போட்டதுபோல் கறுப்பு.

பிள்ளை அச்சகத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. அப்படியானால் ஈயம் எங்கிருந்து வந்தது? திரும்பிப் பார்த்தாள். அடுப்போரத்தில் சொம்பு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

திருநாராயணன் சிரித்தேவிட்டார். அச்சகத்தில் இருப்பது காரீயம், இதுவோ வெள்ளீயம், தலைமுறை தலைமுறையாக ஈயச்சொம்பில்தானே சமைக்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கையலம்பிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். விற்றவன் வெள்ளீயம் என்று சொன்னால் போதுமா? அவள் சாத்தமுதை முற்றத்தில் கொட்டினாள். ஒரு இடுப்பில் பிள்ளை, மறு கையில் சூடு ஆறாத சொம்பு. பஸ் புறப்படும்போது மூச்சிரைக்க ஏறி அவருக்கு முன்னாலேயே நின்றாள். அவர் மானம் போகிறதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காவேரிப் பாலம் முடிவதற்குள் பஸ் முழுக்கச் சொம்பின் கதை தெரிந்துவிட்டது.

சமையல் பாத்திரத்தை வேற்று மனிதர் தொட்டுவிட்டால் புளி போட்டுத் தேய்த்து மூன்று தரம் அலம்புகிறவள் அவள். அன்றைக்கு அச்சகத்துக்குள் நுழைந்து அவளே அதைச் செபஸ்தியான் கையில் திணித்தாள். அவர் கூச்சத்துடன் வாங்கி, அடிப்பாகத்தைக் கத்தியால் லேசாகச் சுரண்டினார். சுரண்டிய இடத்தைப் புரூப் தாளின் ஓரத்தில் வைத்து அழுத்தி இழுத்தார். தாளில் கறுப்பாகக் கோடு விழுந்தது. அச்சகமே வேலையை விட்டுக் கூடி நின்று பார்த்தது.

"நல்ல வெள்ளீயம்னா இப்படிக் கோடு விழாதுங்கம்மா. இதுல காரீயம் கலந்திருக்கு. புளிப்பு பட்டா கரைஞ்சு இறங்குமே."

பாதியைக் கேட்கும்போதே அவள் தாளையும் சொம்பையும் பறித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். இந்தத் தடவை திருநாராயணன்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

டாக்டர் அற்புதசாமி கோபித்துக்கொள்ளவில்லை. தாளைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார், பிள்ளையின் உதட்டைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார். அன்றைக்கே வாயைத் திறந்து தொண்டையைப் பார்த்தேன், ஈறைப் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஆபரேஷன் வேண்டாம் என்றார். ரங்கநாயகி அந்த இடத்திலேயே கைகூப்பி, பெருமாளே என்று வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரித்தாள். ஆறு மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்: "இந்த ரசம் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எத்தனை வேளை குடுத்தீங்கம்மா?"

பெரியவர்கள் சாப்பிட்டது ஒரு வேளைதான். "வலி ஜாஸ்தியான நாள்ல மூணு வேளையும்" என்று சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நின்றாள். வலிக்க வலிக்கக் கொடுத்திருக்கிறாள். கொடுக்கக் கொடுக்க வலித்திருக்கிறது.

ரத்தத்திலும் ஈயம் என்றே வந்தது. மருந்தும் ஊசியுமாக ஒரு மாதம் போயிற்று. ஒரு மத்தியானம் சௌரி தானாகவே தட்டை எடுத்துக்கொண்டு வந்து, பசிக்கறது என்றான். சோறு என்றாலே தூணுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை. ரங்கநாயகி மோர்சாதம் பிசைந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். மூக்கைப் பிடித்து ஊட்டியதும், வாயைத் திறக்காததற்கு முதுகில் அடித்ததும், அவன் தலையை ஆட்டி ஆட்டி அழுததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எப்படியோ சொல்லிவிட்டாள்.

"வேண்டாம் வேண்டாம்னு நீ அப்பவே சொன்னேடா. அம்மாதான் காதுல வாங்கிக்கலை."

சௌரி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றான்.